கோணல் சுவரும் குளியலறை டைலும்



தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்த குடும்பங்கள் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் கூலாயிலும் ஏராளம். வந்ததும் பலருக்கு முதல் ஆசை, குளியலறைக்கு டைல் போடுவது. சேமநிதிப் பணத்தில் ஒரு பங்கு அங்கே போய்விடுகிறது. அந்தப் பணம் நிலைப்பது டைலின் விலையால் அல்ல. அதைத் தாங்கும் சுவரால்தான்.

செங்கல் சுவர் மேடும் பள்ளமுமாக இருந்தால், "ஜிப்சம் பலகையை ஒட்டி மறைத்துவிடலாம், ஒரே நாளில் முடியும்" என்று சிலர் சொல்வார்கள். இங்கிலாந்தில் இது பழகிய முறை. சுவரில் பசையை ஆங்காங்கே அப்பி, பலகையை அழுத்தி நேராக்குவார்கள். படுக்கையறைக்குச் சரி, தண்ணீர் ஊற்றிக் குளிக்கும் இடத்துக்கு ஆகாது. ஜிப்சம் ஈரத்தைக் குடிக்கும். அதன் இரு முகத்திலும் ஒட்டியிருப்பது காகிதம். டைல் இடுக்கில் கசியும் நீர் ஊறினால் பலகை நொந்து, டைலோடு பெயரும். பச்சை நிறப் பலகை ஈரத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அதுவும் நீர் புகாத பலகை அல்ல.

நம் ஊருக்கு ஏற்றது சிமெண்டுப் பூச்சே. முதலில் தூக்குக்குண்டு விட்டும், 2 மீட்டர் நீளமுள்ள நேர்கட்டையை வைத்தும் பள்ளம் எவ்வளவு என்று பாருங்கள். பழைய சாயத்தையும் உதிரும் பூச்சையும் கொத்தி எடுங்கள். சாயத்தின் மேல் சிமெண்டு பிடிக்காது. சுவரை நனைத்து, 1 பங்கு சிமெண்டும் 4 பங்கு மணலும் கலந்த சாந்தைப் பூசுங்கள். ஒரு பூச்சு 15 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பள்ளம் அதிகமென்றால் இரண்டு பூச்சாகப் போடுங்கள். ஒரேயடியாக அப்பினால் பாரம் தாங்காமல் சரியும், காயும்போது வெடிக்கும். முதல் பூச்சைக் கீறிவிட்டு, அது இறுகிய பிறகே அடுத்ததைப் பூச வேண்டும்.

பிறகு சில நாள் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தி, நன்றாகக் காயவிடுங்கள். இரண்டு வாரம் பொறுப்பது நல்லது. நவம்பர் முதல் மார்ச் வரை அடைமழைக் காலம். காய இன்னும் தாமதமாகும். காய்ந்த பிறகு நீர் புகாத பூச்சை மூலைகளிலும் தரையிலும் குளிக்கும் சுவரிலும் தடவி, அதன்மேல் டைல் ஒட்டுங்கள். ஈரச் சிமெண்டு தோலை அரிக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

குத்தகையாளரிடம் மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள். பூச்சு முடிந்ததும் நேர்கட்டையை நீங்களே வைத்துப் பாருங்கள். டைல் ஏறிய பின் கோணலைத் திருத்த வழியில்லை.

இன்னும் லயத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது நிர்வாகத்தின் சுவர். 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம், தொழிலாளர் வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் பொறுப்பை முதலாளியிடம் கொடுத்திருக்கிறது. உங்கள் சேமிப்பை அந்தச் சுவரில் பூசுவதற்கு முன், நிர்வாகத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள். பதில் வராவிட்டால் தொழிற்சங்கக் கிளையிடமோ தொழிலாளர் இலாகாவிடமோ சொல்லுங்கள்.

பிள்ளைகள் படிப்புக்கு வைத்த வெள்ளி, ஈரச் சுவரில் கரையக் கூடாது.