வாங்க வைத்தது மனசாட்சியா, மானியமா?



ஊரடங்கில் வானம் தெளிந்ததைப் பார்த்து மக்களின் மனசாட்சி விழித்துக்கொண்டது, அதனால்தான் கொரோனா காலத்தில் மின்சார கார்களை வாங்கிக் குவித்தார்கள் என்று இன்றும் நம் குழுக்களில் பகிர்கிறீர்கள். படிக்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். 2020இல் அங்கே பதிவான புதிய கார்கள் சுமார் 29 லட்சம். முந்தைய ஆண்டைவிட 19 சதவீதம் குறைவு. அதே ஆண்டில் முழு மின்சார கார்கள் மட்டும் 63,000இலிருந்து 1,94,000 ஆக உயர்ந்தன. மூன்று மடங்கு! கிருமிக்குப் பயந்து பேருந்தை விட்டார்கள் என்றால் பெட்ரோல் காரும் அல்லவா கூடுதலாக விற்றிருக்க வேண்டும்?

நடந்தது இதுதான். 2020 ஜூனில் அரசு தன் மானியத்தை 3,000 யூரோவிலிருந்து 6,000 ஆக்கியது. 40,000 யூரோவுக்கு உட்பட்ட மின்சார காருக்கு, நிறுவனத்தின் பங்கான 3,000 சேர்த்து மொத்தம் 9,000 யூரோ கிடைத்தது. ஜூலை முதல் டிசம்பர் வரை விற்பனை வரியும் 19இலிருந்து 16 சதவீதமாக இறங்கியது.

விற்பவர்களுக்கும் நெருக்கடி இருந்தது. புதிய கார்களின் கரியமில வாயு கிலோமீட்டருக்குச் சராசரியாக 95 கிராம் என்ற ஐரோப்பிய இலக்கு 2020இல்தான் நடைமுறைக்கு வந்தது. தன் இலக்கை மீறும் நிறுவனம், கூடுதலான ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம் கட்ட வேண்டும். விற்காமல் இருப்பார்களா?

இன்னும் சந்தேகமா? பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த பிளக்-இன் ஹைபிரிட் கார்களுக்கும் மானியம் இருந்தது. அவை அதே ஆண்டில் நான்கு மடங்குக்கும் மேலே ஏறி 2 லட்சத்தைத் தொட்டன. பாதிப் புகை விடும் காருக்கா மனசாட்சி அதிகமாக விழித்தது?

2023 டிசம்பரில் அரசு மானியத்தைத் திடீரென நிறுத்தியது. 2024இல் மின்சார கார் விற்பனை 27 சதவீதம் சரிந்தது. மனசாட்சி அதற்குள் தூங்கப் போய்விட்டதா?

உண்மையான அக்கறையோடு வாங்கியவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நல்ல புதிய மாடல்கள் வந்ததும் ஒரு காரணம். ஆனால் அந்தத் தாவலுக்குப் பின்னால் இருந்தவை காசும் சட்டமும். காற்று சுத்தமாக வேண்டுமென்றால் அரசு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதுவே நல்ல பாடம். அதை மறைத்து எல்லாவற்றையும் தனிமனித நல்லெண்ணமாக மாற்றினால், நாளை எந்த அரசும் எளிதாகக் கைகழுவிவிடும்.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு காரணத்துக்காக. புதிய கார் வாங்குவதே மனசாட்சியின் அடையாளம் என்றால், வாங்க முடியாதவர் மனசாட்சி இல்லாதவரா? அன்றாடம் நகரப் பேருந்தில் நின்றுகொண்டு வேலைக்குப் போகிறவரின் பங்குக்கு வரும் புகை, தனியாகப் பெட்ரோல் காரில் போகிறவரின் புகையைவிட எவ்வளவோ குறைவு. அவரை யாரும் பாராட்டிப் பதிவு போடுவதில்லை. மானியமும் புதிய கார் வாங்க வசதி உள்ளவருக்குத்தான் போய்ச் சேர்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு பேருந்துக்குப் போக வேண்டாமா என்று கேட்கவாவது கேளுங்கள்.

மின்சார கார் வாங்கியிருக்கும் என் மாணவர்களே, மகிழ்ச்சியாக ஓட்டுங்கள். அது நல்ல வண்டி. ஆனால் தர்மம் செய்துவிட்டதாக எழுதாதீர்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கணக்கோடு எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.