பிரேக் பெடல் என்ன சொல்கிறது? வாசலிலேயே கண்டுபிடிக்கலாம்!

கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஒரு நாள் பயணம்தான் கெடும். பிரேக் பிடிக்காவிட்டால்? நல்லவேளையாக, பெரும்பாலான பிரேக் கோளாறுகள் முன்கூட்டியே அறிகுறி காட்டிவிட்டுத்தான் வருகின்றன. அதைப் புரிந்துகொண்டால், 'காரை மெக்கானிக் ஷெட் வரை ஓட்டிப் போகலாமா, மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்ல வேண்டுமா?' என்ற கேள்விக்கு வாசலிலேயே விடை கிடைத்துவிடும்.

பத்து நிமிடமும் மொபைல் டார்ச்சும் போதும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'பார்க்' நிலையில் இருக்கட்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்க மறக்காதீர்கள்.

முதலில் பிரேக் ஆயில்

பானெட்டைத் திறந்தால், பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கம் கண்ணாடிக்கு அருகே ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா தெரியும். அதன் மேல் 'மேக்ஸ்', 'மின்' என இரண்டு கோடுகள் இருக்கும். ஆயில் இவற்றுக்கு நடுவில் நிற்க வேண்டும். பிரேக் பேட் தேயத் தேய, மட்டம் மெல்ல இறங்குவது இயல்புதான். சில நாள்களிலேயே மளமளவென்று இறங்கினால் எங்கோ கசிகிறது. சக்கரங்களின் உட்பக்கம், கார் நின்ற தரை, பிரேக் பெடலின் மேல்பகுதி மூன்றிலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கசிவைச் சரிசெய்யாமல் ஆயிலை மட்டும் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

நிறத்தையும் கவனியுங்கள். புது ஆயில் இளமஞ்சளாக இருக்கும். கரும்பழுப்பாகிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. 'டாட் 4' வகை ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் இந்த அளவு 155 டிகிரி வரை இறங்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை அழுத்தியபடியே இறங்கும்போது, சூடேறி ஆயில் கொதித்துக் குமிழ் விட்டால் பெடல் பொசுக்கென்று தரைக்குப் போய்விடும். ஊரில் நன்றாகப் பிடித்த பிரேக் மலையில் கைவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பெடலை அழுத்திப் பாருங்கள்

என்ஜினை அணைத்துவிட்டு பெடலை நான்கைந்து முறை அழுத்துங்கள், கெட்டியாகிவிடும். அழுத்திய காலை எடுக்காமல் என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது. கல் மாதிரி அப்படியே நின்றால், பூஸ்டரிலோ அதன் வேக்குவம் குழாயிலோ பிரச்னை.

என்ஜின் ஓடும்போது பெடலை ஒரே சீராக அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கிக்கொண்டே போனால், ஆயில் கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டர் பழுது. பெடல் பஞ்சு போல அமுங்கினால், பிரேக் லைனில் காற்று புகுந்திருக்கலாம்.

சத்தமும் இழுப்பும்

பிரேக் பிடிக்கும்போது 'கீச்' என்ற சத்தம் தொடர்ந்து வந்தால் பேட் தேய்ந்திருக்கலாம். 'கரகர' என்று உரசினால், பேட் முழுக்கத் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மழைக்கு மறுநாள் காலையில் கேட்டு, நாலைந்து பிரேக்கிலேயே நின்றுவிடும் சத்தம் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு, கவலை வேண்டாம். அலாய் வீலாக இருந்தால் இடைவெளி வழியாக டார்ச் அடித்து, பேட் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். டிரம் பிரேக் உள்ள பின்சக்கரத்தில் இப்படிப் பார்க்க முடியாது.

கார் ஒரு பக்கமாக இழுத்தால் முதலில் டயர் காற்றைச் சரிபாருங்கள். அது சரியாக இருந்தும் இழுத்தால், ஏதோ ஒரு பக்க காலிப்பர் ஜாம் ஆகியிருக்கலாம். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால் சந்தேகம் உறுதி. கையைச் சக்கரத்தின் அருகே கொண்டுபோனாலே சூடு தெரியும். டிஸ்க்கைத் தொடவே வேண்டாம்.

ஓட்டலாமா, கூடாதா?

'கீச்' சத்தம், ஆயிலின் நிறமாற்றம், பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங்கில் லேசான அதிர்வு: இவற்றோடு மெதுவாக ஷெட் வரை போகலாம். மஞ்சள் நிற ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரிந்தால், வழக்கமான பிரேக் பொதுவாக வேலை செய்யும். சடன் பிரேக் போடும்போது சக்கரம் லாக் ஆகாமல் காக்கும் வசதிதான் இருக்காது. அதையும் தள்ளிப்போடாமல் பார்த்துவிடுவது நல்லது.

பெடல் தரைக்கு இறங்குவது, பஞ்சு போல அமுங்குவது, கல் போல நிற்பது, ஆயில் கசிவு, 'கரகர' உரசல், கார் பலமாக ஒரு பக்கம் இழுப்பது, ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் அணையாத சிவப்பு விளக்கு: இவற்றில் ஒன்று இருந்தாலும் சாவியைக் கழற்றி வைத்துவிடுங்கள். 'பக்கத்துத் தெருதானே' என்று உருட்டிக்கொண்டு போக வேண்டாம். மெக்கானிக்கையோ ரெக்கவரி வேனையோ வரவழையுங்கள். யூடியூப் பார்த்து நீங்களே கழற்றவும் வேண்டாம். கண்டுபிடிப்பதோடு உங்கள் வேலை முடிந்தது.

குடும்பத்தோடு மலைக்குக் கிளம்புகிறீர்களா? இந்தச் சோதனையைக் கிளம்பும் அன்று காலையில் செய்யாமல், இரண்டு நாள் முன்பே செய்துவிடுங்கள். கோளாறு தெரிந்தால் சரிசெய்ய அவகாசம் இருக்கும்.