சஸ்ஸிகாயா எந்தச் சட்டத்தை உடைத்தது?

சமீபத்தில் எங்கள் வகுப்பு செமினாரில் ஒரு கதை ஓடியது. இத்தாலியில் ஒரு பண்ணை. பெயர் தெனுத்தா சான் குவிதோ. முட்டாள்தனமான அரசாங்க விதிகளை மீறி அதன் முதலாளி 'சஸ்ஸிகாயா' என்று ஒரு சிவப்பு ஒயின் செய்தார். உலகம் கொண்டாடியது, சட்டம் தலைகுனிந்தது. ஆகவே மக்களே, விதிகள் திறமைக்கு எதிரி! கடைசி ஸ்லைடு, கைதட்டல்.

நான் ஒயின் குடித்ததில்லை. அந்த பாட்டில் விலையில் என் மெஸ் பில்லை சில மாதம் கட்டிவிடலாம். ஆனால் கதை ஓட்டை என்று சொல்ல குடித்துப் பார்க்க வேண்டியதில்லை, வருஷங்களைப் பார்த்தால் போதும்.

மாரியோ இன்சீசா தெல்லா ரோக்கெத்தா என்ற அந்தப் பிரபு, டஸ்கனி கடற்கரையோரம் போல்கெரியில் பிரெஞ்சு கபர்நே கொடிகளை நட்டது 1944-இல். இத்தாலியில் ஊர்ப்பெயர் ஒயின்களுக்கான டிஓசி சட்டம் வந்ததே 1963-இல். பிறக்காத சட்டத்தை எப்படி ஐயா மீறுவது?

வெள்ளைத் திராட்சையையும் கலந்தே ஆக வேண்டும் என்ற அபத்தம் இருந்ததே என்பார்கள். இருந்தது. 1967-இல் வந்த கியாந்தி விதி அது, 10 முதல் 30 சதவீதம் வரை கலக்கச் சொன்னது. ஆனால் போல்கெரி கியாந்தி எல்லைக்குள்ளேயே இல்லை! அந்த விதியோடு முட்டிக்கொண்டு கியாந்தி பெயரையே துறந்தது திஞ்ஞானெல்லோ என்ற வேறு ஒயின். செமினார்க்காரர்கள் இரண்டையும் ஒரே குடுவையில் ஊற்றிவிட்டார்கள்.

சஸ்ஸிகாயாவுக்கு நேர்ந்தது இவ்வளவுதான்: 1968 அறுவடை முதன்முதலாகக் கடைக்கு வந்தபோது லேபிளில் சாதாரண 'மேசை ஒயின்' என்று போட வேண்டியிருந்தது. செய்யாதே என்றோ விற்காதே என்றோ யாரும் தடுக்கவில்லை. 1978-இல் லண்டனில் டிகேன்டர் பத்திரிகை நடத்திய, லேபிளை மறைத்துச் சுவைக்கும் போட்டியில் அதன் 1972 ஒயின் மற்ற கபர்நேக்களை எல்லாம் ஓரங்கட்டியது. அந்த மேசை ஒயின் லேபிளோடுதான்.

இப்போது ஸ்லைடில் இல்லாத விஷயம். 1948 முதல் 1967 வரை, இருபது அறுவடைகள், அந்த ஒயின் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. ஆரம்பத்தில் ருசித்தவர்களுக்குப் பிடிக்கவும் இல்லை. பீப்பாயில் வைத்துப் பொறுமையாகக் காத்திருந்தார். இருபது வருஷம் வருமானமில்லாமல் ஒரு பயிரை யாரால் வளர்க்க முடியும்? பண்ணை மனைவி கிளாரிச்சேயின் கெரார்தெஸ்கா குடும்பச் சொத்து. இவரோ பந்தயக் குதிரைப் பண்ணையில் பங்காளி. ஓடிய 16 பந்தயங்களிலும் தோற்காத ரிபோ அந்தப் பண்ணைக் குதிரைதான். (குதிரை கதை ஒயின் கதையைவிட நன்றாயிருக்கும், இன்னொரு நாள் எழுதுகிறேன்.) இவருடைய ரசனையையும் பிடிவாதத்தையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ரெண்டு ஏக்கர் வைத்திருப்பவனிடம் போய் "நீயும் விதியை மீறு, ஜெயிப்பாய்" என்று சொல்வது கொழுப்பு. அவனுக்கு சொந்தப் பெயர் கிடையாது, ஊரின் பெயர்தான் மூலதனம். அதை வேறு எவனும் ஒட்டிக்கொள்ளாமல் காப்பதுதான் இந்தச் சட்டத்தின் வேலை.

சட்டம் தப்பே செய்யவில்லை என்றா சொல்கிறேன்? இல்லை. 1983-இல் போல்கெரிக்கு டிஓசி கொடுத்தபோது வெள்ளைக்கும் ரோஸுக்கும் மட்டும் கொடுத்தார்கள். அந்த ஊரின் புகழே சிவப்பில் இருக்க, இது சுத்தப் பேத்தல். 1994-இல் திருத்தினார்கள். சஸ்ஸிகாயாவுக்கு அதில் தனி இடம் கிடைத்தது, 2013-இல் அதுவே தனி டிஓசி ஆனது. ஒரே ஒரு பண்ணைக்காக ஒரு டிஓசி! விதிகளின் எதிரி என்று நம்மவர்கள் கொண்டாடும் அதே ஒயினுக்கு இன்று குறைந்தது 80 சதவீதம் கபர்நே சோவிஞான் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பண்ணை அதை சந்தோஷமாகத்தான் சுமக்கிறது.

ஏன் சுமக்காது? 2020-இல் போலி சஸ்ஸிகாயா செய்த கும்பல் ஒன்று சிக்கியது. சிசிலி ஒயின், துருக்கி பாட்டில், பல்கேரியாவில் அச்சடித்த லேபிளும் பெட்டியும். பிடித்தது யார் தெரியுமா? அரசாங்கத்தின் நிதிக் காவல் படை.