பொம்மையைப் படமெடுத்தால் இணைவைப்பா?



கடந்த பெருநாள் விடுமுறையில் தனுஷ்கோடிக் கடற்கரையின் ஈரமணலில் நம் சமுதாயத்து இளைஞர்கள் நால்வர் குப்புறப் படுத்திருந்தனர். அவர்கள் முன்னால், தீப்பெட்டியால் செய்த வள்ளம் ஒன்றில், 4 சென்டிமீட்டர் உயரமுள்ள லெகோ மனித உருவம் நின்றிருந்தது. காற்றில் சாயாதிருக்க அதன் காலடியில் களிமண் உருண்டை வைத்திருந்தனர். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்து, கேமரா மணலைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தி எடுத்தால், கணுக்கால் நனைக்கும் அலை மலைபோல் எழும். பொம்மை புயலில் சிக்கிய மீனவனாகும். இதுவே அவர்களுடைய பொழுதுபோக்கு.

அவ்வழியே வந்த பெரியவர் ஒருவர், சிலைகளோடு கூத்தடிப்பது இணைவைப்பு என்று பலர் முன்னிலையில் சாடினார். உருவத்தைப் பிடுங்கிக் கடலில் வீசினார். நால்வரும் சிதறினர். அவர்களுள் ஒருவர், அப்பெரியவர் முன்வரிசையில் நின்று தொழும் பள்ளிவாசலுக்கு அன்றுமுதல் வருவதில்லை. இந்த இழப்புக்கு யார் பொறுப்பேற்பது?

நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் நிகழ்ந்ததைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் தோழியரோடு பொம்மை வைத்து விளையாடுவார்கள். நபியவர்கள் உள்ளே வந்ததும் தோழியர் வெட்கி ஒளிந்துகொள்வார்கள். அவர்களைத் தேடி, மீண்டும் விளையாட அனுப்பிவைத்தவர்கள் நபியவர்களே. புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இச்செய்தி உள்ளது. சிதறிய தோழியரை அவர்கள் சேர்த்துவைத்தார்கள். சேர்ந்திருந்த தோழர்களை நாம் சிதறடிக்கிறோம்.

அபூதாவூதில் பதிவாகியுள்ள மற்றொரு செய்தியையும் நாம் மறக்கலாகாது. நபியவர்கள் போரிலிருந்து திரும்பியிருந்த வேளையில், காற்று திரைச்சீலையை விலக்க, உள்ளே பொம்மைகள் தெரிந்தன. நடுவில் துணியாலான இரு சிறகுகளுடன் ஒரு குதிரை. இது என்ன, நடுவில் இருப்பது என்ன, அதன்மேல் இருப்பது என்ன என்று ஒவ்வொன்றாக வினவினார்கள். குதிரைக்குச் சிறகா என்று வியந்தார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததை அன்னையவர்கள் நினைவூட்டியதும், கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். கேட்டார்கள், பதிலைச் செவியுற்றார்கள், சிரித்தார்கள். தனுஷ்கோடியில் ஒரு கேள்வியேனும் கேட்கப்பட்டதா?

உருவங்கள் குறித்த கண்டிப்பான நபிமொழிகளை நாம் மறைக்கவில்லை. ஆனால் சிறுமியரின் விளையாட்டுப் பொம்மைகள் அத்தடையிலிருந்து விலக்குப் பெற்றவை என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து என இமாம் காளீ இயாள் கூறியுள்ளார். அவ்விலக்கு பின்னர் மாற்றப்பட்டது என்போரும் உண்டு. வளர்ந்தவர்களுக்கு அது பொருந்துமா என்று இன்று ஆலிம்கள் கேட்டால், அது நியாயமான கேள்வியே. கூடாது என்பவர் ஒதுங்கியிருக்கட்டும்; அன்பாக எடுத்துரைக்கட்டும். ஆனால் எவரும் வணங்காத, எவரும் புனிதமாகக் கருதாத ஒரு பிளாஸ்டிக் துண்டைக் காட்டி, கலிமா சொன்ன ஒருவனை இணைவைப்பாளன் என்பது மார்க்கப்பற்று ஆகாது. அது நாவின் வரம்புமீறல்.

நம் இல்லத் திருமணங்களில் டிரோன் பறக்கிறது. மணமக்களை நிறுத்தியும் திருப்பியும் நாள் முழுதும் படமெடுக்கிறார்கள். அங்கே பிரியாணி உண்டு திரும்பும் நாம், பொம்மையை நிறுத்திப் படமெடுத்தவனிடம் மட்டும் ஃபத்வா கேட்கிறோம். கொட்டாங்குச்சியில் மணற்சோறு சமைத்து, ஓலைப் பொம்மைக்கு நிக்காஹ் முடித்து விளையாடியவர்கள்தாமே நம் பாட்டிமார்? அவர்களை நாம் என்னவென்று அழைப்போம்?

நம் பிள்ளைகள் பலர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு திரைக்குள் தனியே மூழ்கிக் கிடக்கும் காலம் இது. இந்நால்வரோ வெயிலில் கூடி, ஒளிக்காகக் காத்திருந்து, ஒருவர் நீர் தெளிக்க மற்றவர் படமெடுக்கப் பழகினார்கள். மலேசியாவின் ஸாஹிர் பாத்தின் பொம்மைகளைப் படமெடுத்தே உலகெங்கும் அறியப்பட்டவர். நம் கடற்கரையிலும் அத்தகைய கண்கள் இருக்கக்கூடும்.

இளைஞர்களுக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. படத்துக்கு மிக அழகிய ஒளி மக்ரிபை ஒட்டியே வரும். பாங்கு ஒலித்ததும் கைப்பேசி பைக்குள் போக வேண்டும். பிறர் வணங்கும் உருவங்களை வாங்காதீர்கள். பெற்றோரின் உழைப்பை விலையுயர்ந்த பொம்மைகளில் கரைக்காதீர்கள். எடுத்துச் சென்ற துண்டுகளை எண்ணித் திரும்பக் கொண்டுவாருங்கள். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா நம் அண்டையில் உள்ளது; ஆமைகள் உலவும் கடலில் பிளாஸ்டிக் சேரக் கூடாது. தீமையைத் தடுப்பதாக எண்ணிப் பொம்மையைக் கடலில் எறிந்த பெரியவருக்கும் இது பொருந்தும்.

அப்பெரியவரை நாம் இழிவாக எண்ணவில்லை. அவருடைய அக்கறையை மதிக்கிறோம். அந்த அக்கறையோடு அவர் அவ்விளைஞரின் வீட்டுக் கதவைத் தட்டி, ஸலாம் சொல்லி, "தம்பி, அந்தப் படங்களைக் காட்டுங்கள்" என்று கேட்கட்டும். அடுத்த ஜும்ஆவில் இருவரும் ஒரே வரிசையில் நிற்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.