கைதட்டினால் போதுமா?

நாம் கூட்டத்தில் பேசி முடித்து மேடையை விட்டு இறங்கியதும் சில தோழர்கள் நம் கையைப் பிடித்துக் கொண்டு, "உங்கள் பேச்சைக் கேட்டு உடம்பே சிலிர்த்துவிட்டது" என்று சொல்லுவதுண்டு. அதைக் கேட்கும்போது நமக்குச் சந்தோஷத்தைவிடப் பயமே அதிகமாக உண்டாகின்றது. ஏனென்றால், கோவிலில் உடுக்கை அடித்தாலும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கின்றது. சிலிர்த்த மனிதன் வீட்டுக்குப் போய் என்ன செய்தான் என்பதல்லவா கேள்வி?

பிறரைக் குறை சொல்லுவதற்காக நாம் இதை எழுதவில்லை. சொந்த அனுபவத்தைக் கொண்டே எழுதுகின்றோம். நாம் படித்தது ஏழாம் வகுப்பு வரைதான். தகப்பனார் காலமானதும் பள்ளிக்கூடத்தை விட்டு விசைத்தறிப் பட்டறைக்குப் போனோம். இருபத்தைந்தாம் வயதில் கடன் கழுத்தை நெரித்தது. அச்சமயம் 'வாழ்வில் வெற்றி' என்பதாக ஒருவர் நடத்திய வகுப்புக்கு, கையில் மிச்சமிருந்த பணத்தையும் கொடுத்துப் போனோம். "நான் பணக்காரன்" என்று தினம் காலையில் நூறு தடவை சொன்னால் பணம் தானே தேடி வரும் என்றார். மூன்று நாள் சொன்னோம். நான்காம் நாள் தேடி வந்தது பணமல்ல, வட்டிக்காரர்தான்! இதற்கும் லட்சுமி ஸ்தோத்திரத்திற்கும் என்ன வித்தியாசம்? அங்கே அம்மன் கொடுப்பாள் என்கிறார்கள். இங்கே மனம் கொடுக்கும் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் கொடுத்தது நாம், வாங்கினது அவர்கள்.

அப்படியானால் பேச்சே வேண்டாம் என்கிறோமா? இல்லை. நம்மைத் திருப்பிவிட்டதும் ஒரு பேச்சுத்தான். தெருமுனையில் பேசிய பெரியவர் ஒருவர், "நான் சொல்லுவதை நம்பாதீர்கள்; போய்ப் படித்துப் பார்த்து, சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள்" என்று முடித்தார். மறுநாளே ஊர் நூலகத்திற்குப் போனோம். முதலில் கையில் அகப்பட்டது ஒரு பழைய கணக்குப் புத்தகம். வேலை முடிந்து இரவில் ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று எழுத்துக்கூட்டிப் படித்து, நம் கடனையே கணக்காகப் போட்டுப் பார்த்தோம். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, கையில் 8,500 கொடுத்து, வாரம் 1,000 வீதம் பத்து வாரம் வசூலிப்பது நமது வட்டிக்காரரின் வழக்கம். "வட்டி 1,500 தானே" என்று நாம் நினைத்திருந்தோம். வாரந்தோறும் அசல் குறைந்து வருவதைக் கழித்துப் பார்த்தால், அது வருஷத்துக்கு நூற்றுக்கு 150க்கும் மேற்பட்ட வட்டியாக இருந்தது! கந்துவட்டியைத் தடுக்க 2003இல் நமது மாகாணத்தில் ஒரு சட்டம் செய்யப்பட்டிருப்பதும் அந்த நூலகத்தில்தான் தெரிந்தது. அதுவரை "தலையெழுத்து" என்று அழுதுகொண்டிருந்தது, அன்று முதல் வெறும் கணக்காகிவிட்டது. தலையெழுத்தை யாராலும் அழிக்க முடியாதாம்; கணக்கைத் தீர்க்கலாமல்லவா? புதுக்கடன் வாங்குவதை நிறுத்தினோம். இரண்டு வருஷத்தில் தீர்த்தோம்.

நிற்க. இது ஏதோ நமக்கு மட்டும் வாய்த்த வழியல்ல. இங்கிலாந்தில் 1791இல் ஒரு கொல்லருக்குப் பிறந்தவர் மைக்கேல் பாரடே. பள்ளிப் படிப்பு சொற்பம். 1805இல், பதினாலாம் வயதில், லண்டனில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களையே படித்தார். படித்ததோடு நிற்காமல், அதில் கண்ட சோதனைகளைக் கையிலிருந்த சில்லறைக் காசில் செய்தும் பார்த்தார். பிரசங்கத்திற்குப் போக ஒரு ஷில்லிங் கட்டணம். அதை அவருடைய அண்ணன் கொடுத்தார். 1812இல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானியின் பிரசங்கங்களைக் கேட்க, கடைக்கு வந்த ஒருவர் சீட்டுக் கொடுத்தார். பாரடே கேட்டுவிட்டுக் கைதட்டி வந்துவிடவில்லை. கேட்டதையெல்லாம் எழுதி, படம் போட்டு, தம் கையாலேயே புத்தகமாகக் கட்டி டேவிக்கே அனுப்பினார். 1813இல் அவருக்கு உதவியாளரானார். 1831இல் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் வழியைக் கண்டார். இன்று மின் நிலையங்களில் பெரும்பாலானவை ஓடுவது அந்த வழியில்தான்.

அவர் தேவாலயத்தில் பக்தியுள்ளவர் என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் 1853இல், ஆவி வந்து மேஜையைச் சுற்றுகிறது என்று ஊரெல்லாம் பேசியபோது, அவர் சும்மா நம்பவுமில்லை, சும்மா சிரிக்கவுமில்லை. கைக்கும் மேஜைக்கும் நடுவில், கை தள்ளுவதைக் காட்டும் ஒரு கருவியை வைத்தார். மேஜை கையை இழுக்கவில்லை, கைதான் தெரியாமலே மேஜையைத் தள்ளுகிறது என்பது வெளியாகிவிட்டது. கருவியின் முள் கண்ணுக்குத் தெரிந்ததும் ஆவியும் ஓடிவிட்டது!

ஆகவே தோழர்களே! கூட்டத்திற்கு வாருங்கள், ஆனால் ஒரு சிறு நோட்டோடு வாருங்கள். கேட்டதில் ஒரு விஷயத்தையாவது எழுதிக்கொண்டு போய், சரியா என்று பாருங்கள். சரியில்லையென்றால் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். முக்கியமாக, அடுப்படியில் விட்டுவந்த உங்கள் வீட்டுப் பெண்களுக்குக் காட்டுங்கள். எவ்வளவு பெரியவர் சொன்னாலும், நாமே சொன்னாலும், சோதித்துப் பாராமல் ஏற்றுக்கொண்டால் அது அறிவாகாது; பழைய பக்திக்குப் புதுச் சட்டை போட்டதாகவே ஆகும். கைதட்டுகின்ற ஆயிரம் பேரைவிட, எழுந்து நின்று "அது எப்படி?" என்று கேட்கின்ற ஒருவரைக் கண்டால்தான் நமக்குப் பேசிய அலுப்புத் தீருகின்றது.