சத்தமில்லாத மூச்சு

கோயமுத்தூர் நேயர் ஒருவர் நமக்கு ஒரு கேள்வி விடுத்திருக்கிறார். புதுச்சேரிக்கும் அந்தமானுக்கும் போய், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் முக்குளித்து ருசி கண்டவர் அவர். இப்பொழுது ‘ரீபிரீதர்’ என்னும் கருவியை வாங்க ஆசைப்படுகிறார். எந்தக் கருவி உத்தமம் என்று கேட்கிறார்.

கடலே இல்லாத கொங்கு நாட்டுக்காரருக்கு இந்த ஆசை எதற்கு என்று யாரும் சிரிக்க வேண்டியதில்லை. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு ஆழக் கிணற்றில் குதித்து நீச்சல் பழகிய சீமை அது. தண்ணீர் மோகம் அங்கே குழந்தைப் பருவத்திலேயே பிடித்துக்கொள்கிறது.

சாதாரணச் சிலிண்டருடன் முழுகுகிறவர் வெளிவிடும் மூச்செல்லாம் குமிழிகளாகப் போய்விடுகிறது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் மூன்று மடங்கு. ஆகவே காற்றும் மூன்று மடங்கு செலவாகும். கரையில் நிமிஷத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அங்கே 60 லிட்டர் வேண்டும். 2,400 லிட்டர் காற்று அடைத்த சிலிண்டர் 40 நிமிஷத்தில் காலி! ஆனால், நிதானமாக நீந்துகிறவரின் உடம்பு உண்மையில் உபயோகித்துக்கொள்ளும் பிராணவாயுவோ நிமிஷத்துக்குச் சுமார் ஒரு லிட்டர்தான். பாக்கியெல்லாம் வீண்.

ரீபிரீதர் இந்த வீண் செலவைத் தடுக்கிறது. வெளிவிட்ட மூச்சு ஒரு குழாய் வழியாகச் சோடா சுண்ணாம்பு நிரப்பிய டப்பாவுக்குள் போகிறது. சுண்ணாம்பு கரியமிலவாயுவைக் கிரகித்துக்கொள்கிறது. குறைந்துபோன பிராணவாயுவை ஒரு சிறு சிலிண்டர் ஈடு செய்கிறது. அதே மூச்சு மீண்டும் வாய்க்கு வருகிறது. குமிழி இல்லை; சத்தம் இல்லை; மீன்கள் மிரண்டு ஓடுவதில்லை. மணிக்கணக்கில் நீருக்குள் இருக்கலாம்.

இத்தனை சௌகரியத்துக்கும் விலை உண்டு. பல லட்ச ரூபாய் விலையை நாம் சொல்லவில்லை. மூச்சை அடக்கிக் கிணற்றில் முழுகும் சிறுவனுக்குச் சிறிது நேரத்தில் நெஞ்சு முட்டுகிறதே, அது பெரும்பாலும் கரியமிலவாயு சேர்வதால் உண்டாகும் தவிப்பு. பிராணவாயு குறைவதை உடம்பு அவ்வளவு தெளிவாக உணர்த்துவதில்லை. ரீபிரீதரிலோ கரியமிலவாயுவைச் சுண்ணாம்பு அகற்றிவிடுகிறது. ஆகவே, பிராணவாயு வரும் வழி அடைபட்டுப் போனால், தவிப்பு எதுவும் இன்றியே மனிதன் பிரக்ஞை இழக்கிறான். நீருக்குள் பிரக்ஞை இழந்தவன் கதி என்ன என்று சொல்ல வேண்டுமா?

பாழ்கிணற்றில் தூர் வாருவதற்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் நாட்டு வழக்கம். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. எரிந்தாலும் விஷவாயு இல்லை என்பது நிச்சயமில்லை. ரீபிரீதரில் இந்த விளக்கின் ஸ்தானத்தில் இருப்பவை, பிராணவாயுவை அளக்கும் ‘சென்ஸார்’கள். சாதாரணமாக மூன்று இருக்கும். இரண்டு ஒரே கணக்கைச் சொன்னால், பல யந்திரங்கள் மூன்றாவதைத் தள்ளிவிடும். ஒரே சமயத்தில் வாங்கிய இரண்டு சென்ஸார்கள் ஒன்றாகவே கெட்டுப்போனால், இரண்டு பொய்ச் சாட்சிகளை நம்பி, உண்மை சொல்லும் ஒன்றை யந்திரம் ஒதுக்கிவிடும்!

பிராணவாயு மிஞ்சினாலும் ஆபத்தே. 1939-ல் ‘தீட்டிஸ்’ நீர்மூழ்கிக் கப்பல் 99 பேருடன் போனபிறகு, விஞ்ஞானி ஜே. பி. எஸ். ஹால்டேன் தம் உடம்பிலேயே இத்தகைய வாயுப் பரிசோதனைகளை நடத்தினார். பிராணவாயு மிகுதியால் வலிப்புக் கண்டு அவருடைய முதுகெலும்பு முறிந்தது. 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964-ல் புவனேசுவரத்தில் காலமான அதே ஹால்டேன்தான்.

1998 முதல் 2010 வரை பொழுதுபோக்குக்காக ரீபிரீதருடன் முழுகியவர்களில் 181 பேர் இறந்ததாக ஆஸ்திரேலிய டாக்டர் ஆண்ட்ரூ ஃபாக் 2013-ல் எழுதினார். சாதாரணச் சிலிண்டரைவிடச் சுமார் பத்து மடங்கு அபாயம் என்பது அவர் மதிப்பு. எந்தக் கம்பெனியின் கருவியும் அதன் விற்பனைக்கு மிஞ்சிய பங்கு மரணங்களை உண்டாக்கவில்லை. மூன்றில் இரண்டு பங்கு மரணங்களில், முழுகிய இடமோ முழுகியவர் நடந்துகொண்ட விதமோ மிகவும் ஆபத்தானதாக இருந்தது.

ஆகவே, ‘எந்தக் கருவி?’ என்பது முதற் கேள்வி அல்ல. பம்ப் செட் வாங்கும் குடியானவர், பழுதுபட்டால் பார்ப்பவர் யார் என்றல்லவா முதலில் விசாரிக்கிறார்? அதுபோலவே, கற்றுக்கொடுக்க ஆசிரியர் எந்தக் கருவிக்குக் கிடைக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஒன்றில் பெற்ற பயிற்சி மற்றொன்றுக்குச் செல்லாது. முழுகும் ஊரில் நல்ல சோடா சுண்ணாம்பும் பிராணவாயுவும் கிடைக்குமா? சென்ஸார்களுக்குக் காலக்கெடு உண்டு. புதியவற்றை எங்கே வாங்குவது? ஐரோப்பாவின் ‘இ.என். 14143’ தரப்படி பரிசோதிக்கப்பட்டதா? பிரக்ஞை தவறினாலும் வாயிலிருந்து குழாய் நழுவாதபடி பிடித்துக்கொள்ளும் பட்டை இருக்கிறதா? இவற்றை விசாரிக்க வேண்டும். தனியாக ஓர் ஆபத்துக்காலச் சிலிண்டரைக் கூடவே எடுத்துச் செல்வதும் அவசியம்.

பிராணவாயுவை யந்திரமே சேர்ப்பதா, கையால் சேர்ப்பதா என்பதைப் பிறகு யோசிக்கலாம். இரண்டிலும் அளவு காட்டும் முகப்பை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வருஷத்தில் நாலைந்து நாள் மட்டும் கடலுக்குப் போகிறவருக்கு நம் யோசனை ஒன்றே: பழைய சிலிண்டரே போதும். அடிக்கடி போகிறவராகவும், ஒவ்வொரு முறையும் சோதனைப் பட்டியலை ஒரு வரி விடாமல் பார்க்கும் பொறுமைசாலியாகவும் இருந்தால் வாங்கலாம். நம் நேயர் இவ்விரண்டில் எந்த ரகம் என்பது நமக்குத் தெரியாது. அவருடைய வீட்டாருக்குத் தெரியும். அவர்களைக் கலந்துகொள்ளட்டும்.