குளிருக்கு மருந்தும் கருவுக்கு நஞ்சும்

ஆனி, ஆடி மாதங்களில் சாரல் வீசத் திருக்குற்றாலம் குளிர்ந்து நிற்கும். அகத்திய முனிவர் தம் திருக்கரத்தால் அழுத்தியமையால் குற்றாலநாதருக்குத் தலைநோவு உண்டாயிற்று என்பது தலவரலாறு. அது தணிய இன்றும் மூலிகைத் தைலத்தால் அபிஷேகம் நடைபெறுகிறது. அருவிக் குளிர் தாக்காதிருக்கச் சுக்கு முதலியன சேர்ந்த கஷாயமும் நிவேதிக்கப்படுகிறது. இறைவனுக்கே மருந்திட்டுப் பேணும் அன்பு இது.

ஆனால், குளிருக்கு மருந்து என்ற பெயரில் சில இல்லங்களில் பிராந்தியும் நுழைந்துவிடுகிறது. சளி பிடித்த கர்ப்பிணிக்கும் "ஒரு கரண்டி கொடுத்தால் சூடு உண்டாகும்" என்பார் உளர். அச்சூடு வெறும் தோற்றமே. மது தோலடி இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால், உடலின் உள்வெப்பம் வெளியேறிவிடுகிறது.

தாய் அருந்தும் மது, நஞ்சுக்கொடி வழியே கருவின் குருதியில் கலக்கிறது. கருவின் கல்லீரல் முதிராதது. மதுவை முறித்து வெளியேற்றும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. 1968-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் லெமுவான் இத்தீங்கை எழுதினார். 1973-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜோன்ஸ், ஸ்மித் என்னும் மருத்துவர்கள் இதனைத் தனி நோயாக வகுத்துப் பெயரிட்டனர். எடைக் குறைவு, சிறுத்த தலை, மெலிந்த மேலுதடு, இதயக் குறை ஆகியன இதன் அடையாளங்கள். மூளைக்கு நேரும் ஊறே இவற்றுள் கொடியது. அதனை முற்றிலும் மாற்றும் மருந்து இல்லை.

முகத்தில் எக்குறையும் தோன்றாத பிள்ளையும் பின்னாளில் பாடம் மனத்தில் நில்லாமலும், ஓரிடத்தில் அமராமலும் துன்புறலாம். அதனைச் சேட்டை என்று கருதி அடிப்பது பிள்ளைக்கு இழைக்கும் இரண்டாவது அநீதியாகும்.

எவ்வளவு மது தீங்கற்றது என்னும் அளவு எதுவும் கண்டறியப்படவில்லை. எந்த மாதமும் விலக்கன்று. கள்ளும் மதுவே. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய புதிய பதநீர் வேறு, புளித்த கள் வேறு. அரிஷ்டங்களிலும் புளிப்பினால் தானே விளைந்த மது உண்டு. ஆகவே கர்ப்பிணிக்கு அவற்றை மருத்துவரைக் கேளாமல் கொடுத்தல் ஆகாது.

அறியாமல் அருந்திவிட்ட பெண்ணைப் பழித்தலும் கூடாது. அன்றே நிறுத்துவது கருவுக்கு நன்மை தரும். அச்சமின்றி மருத்துவரிடம் உண்மையைச் சொல்லும்படி அவளுக்குத் துணை நிற்க வேண்டும்.

தாயின் வயிற்றிலிருந்தே நாரதரின் உபதேசத்தைக் கேட்டான் பிரகலாதன் என்று பாகவதம் கூறும். தாய்க்கு அளிப்பதெல்லாம் சேய்க்கும் சென்று சேரும் என்பதை உணர்த்த இக்கதை ஒன்றே போதும். சீமந்தத்தில் மருமகளுக்கு வளையல் அடுக்கி வாழ்த்தும் பெரியோர், "இவ்வீட்டில் கர்ப்பிணிக்கு மது மருந்தாகவும் ஆகாது" என்று அன்றே உறுதி கூறுவார்களாக. பிறக்கவிருக்கும் பேரக்குழந்தைக்கு அவர்கள் அளிக்கும் முதல் ஆசி அதுவே.